வாடகைக் கணக்கைக் கண்டுபிடிக்கும் கணிப்பொறி: வணிகர்கள் அறிய வேண்டியவை

மண்டிக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "ஐம்பது மூட்டை போடுங்கள், எட்டாம் நாள் பணம்" என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? உடையையும் விசிட்டிங் கார்டையும் பார்த்துச் சரக்குப் போட்டுவிட மாட்டோம். எந்தத் தரகர் மூலம் வந்தார், இதற்கு முன் யாரிடம் வாங்கினார், அங்கே பாக்கி உண்டா என்று நாலு பேரிடம் விசாரிப்போம். அந்த நாலு பேரும் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் பார்ப்போம். இந்தப் பழைய மண்டி விசாரணையைத்தான் இன்று வங்கிகளுக்காகக் கணிப்பொறி செய்யத் தொடங்கியிருக்கிறது. அதன் கண்ணில் நம் கடைக் கணக்கும் படுவதால், அது வேலை செய்யும் விதத்தை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

நாங்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். 2023 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் நடப்புக் கணக்கு முழுவதும் முடக்கப்பட்டது. பருப்பு மில்லுக்குக் கொடுத்திருந்த இரண்டு செக்குகள் திரும்பின. எங்கள் கடை செக் திரும்பியது அதுவே முதல் தடவை. விசாரித்தபோது, ஒருவர் எண்ணெய் டின் வாங்கிக்கொண்டு செல்போனில் அனுப்பிய 18,400 ரூபாய், வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் என்று தெரிந்தது. பில்லைக் காட்டிக் கணக்கை மீட்க 22 நாள் ஆயிற்று. அதற்குள் தீபாவளி வியாபாரம் போய்விட்டது.

மோசடிக்காரர்கள் பறித்த பணத்தைத் தங்கள் பெயரில் வாங்குவதில்லை. வேலையில்லாத இளைஞர்களுக்கும் ஏழைகளுக்கும் கமிஷன் கொடுத்து, அவர்கள் பெயரிலுள்ள கணக்கைத் தாங்கள் நடத்துகிறார்கள். பொதி சுமக்கும் கோவேறு கழுதையை வைத்து, ஆங்கிலத்தில் இதை 'மியூல் அக்கவுண்ட்' என்பார்கள். நாம் வாடகைக் கணக்கு என்போம். பணம் முதல் கணக்கில் விழுந்த சில நிமிடங்களில் ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரியும். அங்கிருந்து இன்னும் பலவற்றுக்குப் போய், கடைசியில் ஏ.டி.எம்.மில் ரொக்கமாகவோ, நம் கடையில் சரக்காகவோ வெளியேறும்.

இவற்றுள் ஒரு கணக்கைத் தனியே எடுத்துப் பார்த்தால் குற்றம் தெரியாது. 'ஐம்பதாயிரத்துக்கு மேல் வந்தால் எச்சரிக்கை செய்' என்று விதி வைத்தால், திருடன் நாற்பத்தொன்பதாயிரம் அனுப்புவான். ஆகவே நிபுணர்கள் வேறு வழி கண்டார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு புள்ளி வைத்து, பணம் போன வழிக்கெல்லாம் ஒரு கோடு போட வேண்டும். கோட்டின் மேல் தொகையும் நேரமும் குறிக்க வேண்டும். செல்போனுக்கும் முகவரிக்கும்கூடப் புள்ளி உண்டு. இப்படி வரைந்ததைக் கோட்டுரு என்கிறார்கள். பன்னிரண்டு பேருடைய கணக்குகள் ஒரே செல்போனில் நடப்பதும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல ஊர்ப் பணம் ஒரு புதுக் கணக்கில் குவிந்து உடனே வடிவதும் இந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

கோடிக்கணக்கான புள்ளிகளை மனிதக் கண்ணால் பார்க்க முடியாது. அங்கேதான் 'மெஷின் லேர்னிங்' வருகிறது. மோசடி என்று ஏற்கெனவே உறுதியான கணக்குகளையும் நல்ல கணக்குகளையும் மாதிரியாகக் கொடுத்துக் கணிப்பொறியைப் பழக்குகிறார்கள். அது ஒரு புள்ளியை எடைபோடும்போது அதன் அண்டைப் புள்ளிகளின் குணத்தைத் திரட்டும். அடுத்த சுற்றில் அண்டைக்கு அண்டையின் குணமும் வந்து சேரும். நாலு பேரை விசாரித்து, அந்த நாலு பேரைப் பற்றியும் விசாரிப்பது போலத்தான். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட 'கிராஃப்சேஜ்' என்ற முறை, நேற்றுத் திறந்த புதுக் கணக்கையும் இப்படி எடைபோட வழி செய்தது. நம் நாட்டில் ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம், வாடகைக் கணக்குகளின் 19 வகை நடத்தைகளை ஆராய்ந்து 'மியூல்ஹன்டர்' என்ற கருவியை உருவாக்கியது. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி இதை அறிவித்தது.

இதில் நமக்கு நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. திருடனிடமிருந்து ஒரு கோடு நம் கடைக்கும் வருகிறதே! நன்கு பழக்கிய கருவி, கடையையும் வாடகைக் கணக்கையும் பிரித்தறியும். கடைக் கணக்கில் பலரிடமிருந்து பணம் வரும், மில்லுக்கும் மின்கட்டணத்துக்கும் வரிக்கும் கூலிக்கும் போகும், கொஞ்சம் தங்கும். வாடகைக் கணக்கில் எதுவும் தங்காது. ஆனாலும் கருவி பிழை செய்யும். ஆயிரத்தில் ஒன்று தவறினாலும், ஒரு கோடி நல்ல கணக்குகளில் பத்தாயிரம் நிரபராதிகள் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே கருவி காட்டும் சந்தேகம் விசாரணைக்குத் தொடக்கமாக இருக்க வேண்டும். அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவை:

1. வியாபார வரவு செலவை நடப்புக் கணக்கிலேயே நடத்துங்கள். மகன் பெயரிலோ, கடைப்பையன் பெயரிலோ உள்ள சேமிப்புக் கணக்கில் வாங்க வேண்டாம்.

2. "செல்போனில் அனுப்புகிறேன், ரொக்கம் கொடுங்கள்" என்று கேட்பவருக்குக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

3. தெரியாதவர் பெருந்தொகைக்கு வாங்கினால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் பில் போடுங்கள்.

4. கமிஷனுக்காகக் கணக்கையோ ஏ.டி.எம். அட்டையையோ யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஊழியர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

5. கணக்கு முடங்கினால், புகார் எண்ணையும் காவல் நிலையத்தையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு, பில் நகலுடன் மனு கொடுங்கள். 2024-ல் ஒரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து, கணக்கை இயக்க அனுமதித்தது. அதை மனுவில் எடுத்துக்காட்டலாம்.

6. நாமே ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் சொன்னால்தான் பலன்.

பேரேடு ஒழுங்காக இருந்தால் எந்த விசாரணைக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று நம் முன்னோர் சொல்லிப் பழக்கினார்கள். எங்கள் கணக்கு 22 நாளிலாவது மீண்டது, அந்த எண்ணெய் டின்னுக்குப் போட்ட பில்லின் அடிக்கட்டை பத்திரமாக இருந்ததால்தான்.