நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு வலிக்குதா? '16 கிலோ' கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க!

வார்டு நர்ஸ், ஆயா, ஹோம் நர்ஸ், வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா, அம்மாவைப் பார்த்துக்கொள்பவர் என யாரைக் கேட்டாலும் முதுகுவலி இருக்கிறது. "முதுகை வளைக்காம, முட்டியை மடக்கித் தூக்கு" என்பதுதான் இவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை. தப்பில்லை, ஆனா போதாது. தூக்கும் முறையில் பயிற்சி கொடுத்தால் முதுகுவலியைத் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறது, 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வுத் தொகுப்பு.

ஏன்? பிரச்னையே எடைதான். கைக்கு அடக்கமான ஒரு பெட்டியை, எல்லாம் சரியாக அமைந்தால், 23 கிலோ வரை தூக்கலாம் என்பது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் கணக்கு. அதுவே நோயாளி என்றால் வரம்பு சுமார் 16 கிலோதான் என 2007-ல் அதன் ஆய்வாளர் கணக்கிட்டார். பெட்டி அசையாது, நோயாளி திடீர்னு சரிவார், பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வார். 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே கிட்டத்தட்ட 10 கிலோ வரும். அப்போ முழு ஆளையும் தனியாகத் தூக்குவது எப்படிச் சரியாகும்?

அதனால தூக்காதீங்க, நகர்த்துங்க. நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை அடியில் ஒரு பெட்ஷீட்டை இரண்டாக மடித்துப் போடுங்கள். கட்டிலுக்குச் சக்கரம் இருந்தால் பிரேக் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் நின்று, ஷீட்டின் ஓரத்தை நோயாளியின் உடம்பு வரை சுருட்டிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி ஒரே நேரத்தில் மேலே நகர்த்த வேண்டும். முடிந்தால் நோயாளியையும் முட்டியை மடக்கி, பாதத்தால் உந்தச் சொல்லுங்கள். பாதி வேலை அவரே செய்துவிடுவார்! கட்டிலைத் தாதியின் இடுப்பு உயரத்துக்கு ஏற்ற முடிந்தால் ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுக் கட்டிலில் அது முடியாது. ஒரு முட்டியைக் கட்டில் மேல் ஊன்றிக்கொண்டால் குனிவது குறையும்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கவாதம் வந்தவருக்குத் தோள் மூட்டே விலகிவிடலாம். இடுப்பு பெல்ட் போட்டால் முதுகு தப்பும் என்பதும் நிரூபிக்கப்படவில்லை.

நடக்கும்போது நோயாளி விழப்போனால்? தாங்கிப் பிடிக்கத்தான் மனசு சொல்லும். ஆனால் உங்கள் உடம்போடு சாய்த்து, மெல்லத் தரையில் இறக்கிவிடுவதே இருவருக்கும் பாதுகாப்பு.

வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்தாலோ டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் போவதில் சிரமம், கால் பலவீனம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.