குளிருக்கு ஒரு சுருட்டு?

மார்கழி பிறந்தால் கொழும்பிலும் விடியற்காலையில் குளிர் இறங்கும். வெப்பமானியில் 22 பாகை அளவில்தான் நிற்கும். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் அதைக் கேட்டால் சிரிப்பார். ஆனாலும் வெள்ளவத்தை மரீன் டிரைவில் மஃப்ளரால் காதை மூடிக்கொண்டு நடக்கும் முதியவர்களுக்கு அது குளிர்தான். நடை முடிந்ததும் சிலர் கடலைப் பார்த்தபடி இருந்து, யாழ்ப்பாணச் சுருட்டு ஒன்றைப் பற்றவைப்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "குளிருக்கு நல்லது தம்பி. நெஞ்சுக்குள்ளை இழுக்கிறேல்லை, வாயோடை விடுறதுதான். அதுவும் வெட்டவெளியிலை, ஆருக்கு என்ன கரைச்சல்?"

இதில் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. மூன்றும் பிழை.

சூடு எங்கிருந்து வருகிறது?

சுருட்டு உடம்பைச் சூடாக்குவதில்லை. வாயிலும் தொண்டையிலும் படும் புகையின் சூட்டைத்தான் உடம்பு முழுவதும் பரவியதாக நினைத்துக்கொள்கிறோம். நிக்கோட்டின் இரத்தத்தில் கலந்ததும் தோலுக்கு அடியில் உள்ள சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கும்; விரல் நுனிகள் முன்னிலும் குளிரும். இதயம் வேகமாக அடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும். குளிரும் தன் பங்குக்கு அதே குழாய்களைச் சுருக்குகிறது. போதாததற்கு, புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு இரத்தம் சுமக்க வேண்டிய ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிரஷருக்கு மருந்து எடுப்பவரும், ஸ்டென்ட் வைத்தவரும் விடியற்காலைக் குளிரில் சுருட்டுப் பற்றவைப்பது இதயத்துக்கு இரட்டைச் சுமை. தை மாத நுவரெலியாவுக்கும் ரொறன்ரோப் பால்கனிக்கும் இதே கணக்குத்தான். குளிர் கூடக்கூடச் சுமையும் கூடும்.

"சளி முறியும்" என்பதும் வீண் பேச்சு. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளி வெளியேற்றும் நுண்ணிய மயிர்களைப் புகை செயலிழக்க வைக்கிறது. புகைத்ததும் வரும் இருமல், எரிச்சலால் வருவது.

"வாயோடை விடுறதுதான்"

மூன்றிலும் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் இது பாதி உண்மை. சிகரெட் புகையை நெஞ்சுக்குள் இழுத்தால்தான் நிக்கோட்டின் முழுதாகச் சேரும். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. வாயின் உட்தோல் வழியாகவே நிக்கோட்டின் உள்ளே போய்விடும். இழுக்கத் தேவையில்லை என்பதற்காக நஞ்சு குறைவென்று ஆகாது. நுரையீரல் ஓரளவு தப்பலாம். உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் அந்த அடியை வாங்கும். பெரிய சிகார் ஒன்றிலே ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கலாம்.

மனநல மருத்துவத்தில் பெயர் பெற்ற சிக்மண்ட் பிராய்ட் சுருட்டு இல்லாமல் இருக்க முடியாதவர். 1923இல் அவருக்கு வாயில் புற்றுநோய் கண்டது. 30க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள். மேல்தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துச் செயற்கைத் தகடு பொருத்தினார்கள். அப்போதும் அவர் விடவில்லை. 1939இல் லண்டனில் இறந்தார். மருத்துவருக்கே இந்தக் கதி.

ஆந்திரக் கரையோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் புகைக்கும் வழக்கம் பெண்களிடையே உண்டு. காற்றிலும் மழையிலும் நெருப்பு அணையாது. அங்கே அண்ணப் புற்றுநோய் வழமைக்கு மாறாக அதிகம். நம்மவர்கள் அப்படிச் செய்வதில்லை. ஆனால் பாதி புகைத்து அணைத்த குறைச்சுருட்டை மதிலிலோ காதிலோ செருகிவைத்து, பிறகு பற்றவைக்காமலே மணிக்கணக்காகக் கடைவாயில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நெருப்பு இல்லாவிட்டாலும் புகையிலையின் நஞ்சு எச்சிலில் ஊறும். மேலே வெற்றிலை பாக்கும் போட்டால் ஆபத்துப் பல மடங்கு. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான் என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

வெட்டவெளியில் யாருக்குக் கரைச்சல்?

2007இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். வெளியிடமானாலும் புகைப்பவருக்கு அரை மீற்றர் தூரத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகை, அறைக்குள் இருப்பதற்குச் சமமாக ஏறலாம். 2 மீற்றருக்கு அப்பால்தான் வெகுவாகக் குறைகிறது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இரண்டு வீட்டு வாசலுக்கிடையே அந்த 2 மீற்றர் கிடைப்பதே அரிது. தொடர்மாடியில் கீழ்வீட்டுப் பால்கனிப் புகை மேல்வீட்டுப் பிள்ளைக்கு முட்டு வரக் காரணமாகலாம்.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. வடகீழ்ப் பருவக் காற்றோடு இந்தியப் பக்கத்து மாசும் வந்து சேர்வதால் கொழும்பின் காற்று இந்த மாதங்களில்தான் கெடுகிறது. 2022 டிசம்பரில் மோசமான காலநிலையும் காற்று மாசும் சேர்ந்து பாடசாலைகளையே மூடவைத்தன. அந்தக் காற்றில் சுருட்டுப் புகையையும் சேர்ப்பது தேவையில்லாத வேலை.

வாயைப் பாருங்கள்

கண்ணாடி முன் நின்று, நல்ல வெளிச்சத்தில் நாக்கைத் தூக்கி, கன்னத்தை விரித்துப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் என்று எது இருந்தாலும் கொழும்பு 7, வார்ட் பிளேசில் உள்ள தேசிய பல் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். நோகவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் அது நோகாது.

புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளில் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. எழுபது வயதிலும் விடலாம், விடுவதில் பலன் உண்டு.

வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொன்று: சுருட்டு வாங்கப் பேரனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம்.