பொருளுக்குள் பொருள்

மதுரங்குளியில் ஒருவர் வசிக்கும் இடத்தைக் கிராம உத்தியோகத்தரின் ஏட்டில் காண விழைவோர், முதலில் ஆளைத் தேடி, அவர் பதிவில் முகவரியைக் கண்டு, பின்னரே ஊரை வாசிப்பர். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜாவா என்னும் கணினி மொழியும் இம்முறையையே பின்பற்றுகின்றது.

அம்மொழியில் ‘வகுப்பு’ என்பது அச்சு. அதில் வார்த்தெடுப்பது ‘பொருள்’. வகுப்புகளின் உறவு பெரும்பாலும் இருவகைப்படும். உப்பளத் தொழிலாளி ஒரு தொழிலாளியே ஆவார், இது மரபுரிமை. தொழிலாளிக்கு முகவரி உண்டு, ஆனால் அவரே முகவரி ஆகார், இது உடைமை. இரண்டையும் மயக்கினால் நிரல் குழம்பும்.

உள்ளிருக்கும் பொருளை எட்டுவதற்குப் புள்ளியே படி. தொழிலாளி, புள்ளி, முகவரி, புள்ளி, ஊர் என இறங்கினால் ‘மதுரங்குளி’ கிடைக்கும். இடையே முகவரி வெறுமையாயிருப்பின், படி இற்ற கிணற்றில் இறங்கியவன் நிலைதான். நிரல் அங்கேயே நின்றுவிடும். 1965இல் இவ்வெறுமைக் குறிப்பை அமைத்த டோனி ஹோர், 2009இல் அதனைத் தமது நூறு கோடி டொலர் தவறு என்றே வருணித்தார்.

வெள்ள நிவாரணப் பட்டியலை அச்சிடும் நிரல் இவ்வாறு நின்றால், முகவரியற்ற ஒருவர்பொருட்டு, அவருக்குப் பின்னுள்ள அனைவரும் விடுபடுவர். ஆதலின், ஒவ்வொரு படியிலும் பொருள் உண்டா என வினவிய பின்னரே அடுத்ததில் கால் வைத்தல் வேண்டும்.