நூலிழைத் தோல்வி தரும் பாடம்

கடந்த 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் நடைபெற்ற கால்பந்து ஆட்டத்தில் வங்கதேசத்திடம் இந்திய அணி 0-1 என்ற கணக்கில் தோற்றது. 11-ஆவது நிமிடத்தில் வாங்கிய கோலுக்குப் பதிலடி கொடுக்க, எஞ்சியிருந்த ஏறத்தாழ 80 நிமிடங்களும் போதவில்லை. வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது 22 ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

இத்தகைய தோல்விகள் திருப்பூரில் மறுநாள் காலைத் தேநீர்க் கடைப் பேச்சாகிவிடும். மேற்கு வங்கம், ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் எனக் கால்பந்தை நேசிக்கும் நிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறைந்த ஊர் இது. 'அந்த ஒரு வாய்ப்பை மட்டும் கோலாக்கியிருந்தால்...' என்றுதான் பேச்சு தொடங்கும். அந்த உதையைத் தவறவிட்ட வீரரின் பெயரோடு பேச்சு முடிந்தும் விடும். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்பதை 'நூலிழையில் நழுவிய வெற்றி' என்கிறோம். நூலை நம்பி வாழும் ஊருக்கு அந்தச் சொல்லின் பொருளை விளக்கத் தேவையில்லை. ஆனால், அறுந்தது ஒரு நூலிழைதானா, நெய்த துணியே நைந்திருக்கிறதா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இந்தியா ஆடிய முதல் ஐந்து ஆட்டங்களில் இரண்டு சமன், மூன்று தோல்வி. 2025 ஜூன் 10-இல் ஹாங்காங்கிடம் 0-1. கூடுதல் நேரத்தில் விட்டுக்கொடுத்த பெனால்டியால் வந்த தோல்வி அது. அக்டோபர் 14-இல் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2. பின்னர் டாக்காவில் 0-1. மூன்றுமே ஒரு கோல் வித்தியாசம். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் துரதிருஷ்டம் போலத் தோன்றும். ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரியும்: 450 நிமிட ஆட்டத்தில் இந்தியா அடித்தவை இரண்டே கோல்கள். இது ஒரு வீரரின் காலில் நேர்ந்த பிழை அன்று.

நம் வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியாவின் அணி பிரான்ஸை எதிர்கொண்டது. நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். முதல் பாதியில் பிரான்ஸ் முன்னிலை பெற, 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். ஆனால் 89-ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் மீண்டும் கோல் அடித்து 2-1 என வென்றது. அதே ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தன. சைலேன் மன்னா ஒன்றையும், மகாவீர் பிரசாத் மற்றொன்றையும் தவறவிட்டனர்.

அந்தத் தோல்வி தோல்வியாகவே நினைவில் பதியவில்லை. வெறுங்காலுடன் ஐரோப்பிய அணியைத் திணறடித்தோம் என்ற பெருமிதமே மிஞ்சியது. பெருமிதம் நியாயமானதுதான், ஆனால் அது திருத்தத்துக்கு இடம் தரவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நொறுக்கியது. அதன் பிறகுதான் காலணி கட்டாயமாக்கப்பட்டது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கமும் பின்னர் வந்தவை. படுதோல்வி கண்ணைத் திறக்கிறது. நூலிழைத் தோல்வியோ ஆறுதல் சொல்லித் தூங்க வைத்துவிடுகிறது. அதுவே அதன் ஆபத்து.

பெனால்டி உதையின் இயல்பையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். பந்து வைக்கப்படும் புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர் தொலைவு. கோல் சட்டத்தின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் உதைக்கப்படும் பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கோட்டைக் கடந்துவிடும். எல்லாச் சாதகமும் உதைப்பவருக்கே. ஆயினும், தொழில்முறைக் கால்பந்தில் ஏறத்தாழ நான்கு பெனால்டிகளில் ஒன்று வீணாகிறது. ஆகவே, தவறிய ஓர் உதையைக் குற்றமாகக் கருதுவது அறியாமை. தவறக்கூடிய அந்த ஓர் உதையை மட்டுமே நம்பி நிற்கும் நிலைக்கு அணி வந்தது ஏன் என்று கேட்பதே அறிவுடைமை.

கோல்காப்பாளர்கள் குறித்து இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சுவையானது. 286 பெனால்டிகளை ஆராய்ந்த அவர்கள், நடுவில் அசையாமல் நிற்பதே பல நேரங்களில் பலன் தரும் என்று கண்டறிந்தனர். ஆனால், கோல்காப்பாளர்கள் அப்படி நின்றது ஏறத்தாழ 6 விழுக்காட்டு உதைகளில் மட்டுமே. பாய்ந்து தோற்றால் முயன்றார் என்பார்கள். நின்று தோற்றால் சும்மா இருந்தார் என்பார்கள். அந்த அச்சமே அவர்களைப் பாய வைக்கிறது.

நிர்வாகங்களும் ரசிகர்களும் செய்வது இதே பாய்ச்சலைத்தான். தோல்வி வந்ததும் ஏதேனும் செய்தாக வேண்டும் என்று பயிற்சியாளரை மாற்றுகிறோம். ஹாங்காங் தோல்விக்குப் பின் மனோலோ மார்க்கெஸ் விலகினார்; காலித் ஜமீல் வந்தார். பயிற்சியாளர் மாறினார், கோல் வறட்சி மாறவில்லை.

பின்னலாடைத் தொழிலில் இருப்போருக்கு இது எளிதில் விளங்கும். பின்னல் இயந்திரத்தில் ஓர் ஊசி முறிந்தால் துணியின் நீளம் முழுக்கக் கோடு விழுந்துகொண்டே போகும். அங்கே கவனிக்கத் தவறினால், சாயமேற்றி, வெட்டி, தைத்த பிறகு செக்கிங் மேசையில்தான் அது கண்ணில் படும். அதற்காகச் செக்கிங் பெண்மீது கோபப்படுவதில் பொருளில்லை. இயந்திரத்தை நிறுத்தி ஊசியை மாற்றுவதுதான் தீர்வு. தவறிய உதையும் அத்தகையதே. பிழை வெளிப்படும் இடம் அது, பிழை பிறந்த இடம் அன்று.

பிழை பிறந்த இடம் எது? இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014 முதல் 2024-25 வரையிலான 11 பருவங்களில், அதிக கோல் அடித்தவருக்கான விருதை ஓர் இந்தியர்கூட வென்றதில்லை. நம் சென்னையின் எஃப்.சி. அணியிலிருந்தே மூவர் அந்த விருதைப் பெற்றுள்ளனர்: பிரேசிலின் எலானோ, கொலம்பியாவின் மெண்டோசா, லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ். கிளப்புகள் கோல் அடிக்கும் பொறுப்பை வெளிநாட்டவரிடம் ஒப்படைக்கின்றன. பெனால்டி எடுக்கும் உரிமையும் பெரும்பாலும் அவர்களுக்கே போகிறது. இந்திய இளைஞர் பக்கவாட்டில் ஓடுகிறார், பந்தைக் கடத்துகிறார். ஆட்டத்தை முடித்துவைக்கும் அனுபவம் மட்டும் அவருக்கு வாய்ப்பதில்லை. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 40 வயதில் மீண்டும் அழைக்க நேர்ந்தது இதனால்தான். சர்வதேச அரங்கில் 95 கோல்கள் அடித்தவர் அவர். அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் விடை தேடாமல் இருந்ததன் விலை அது.

ஒரு கோல் வித்தியாசம் நமக்குச் சாதகமாகவும் அமையக்கூடும். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது இந்திய மகளிர் அணி. இரண்டு கோல்களையும் அடித்தவர் மேற்கு வங்கத்தின் சங்கீதா பாஸ்ஃபோர். அதே தகுதிச் சுற்றில் மங்கோலியாவை 13-0 என வீழ்த்தியது அந்த அணி. கோல் அடித்துப் பழகிய அணிக்கு, நெருக்கடியான ஆட்டத்திலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியங்கள் அல்ல. பள்ளி, மாவட்ட அளவிலேயே முன்கள வீரர்களை அடையாளம் கண்டு வளர்க்க வேண்டும். ஆட்ட முடிவில், களைத்த கால்களோடு, குறி வைத்து உதைக்கும் பயிற்சியை நாள்தோறும் எண்ணிக்கையோடு பதிவு செய்ய வேண்டும். கிளப்புகள் இந்திய முன்கள வீரர்களுக்கு ஆடும் நேரத்தை உறுதிசெய்ய வேண்டும். ரசிகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த தோல்வியின் மறுநாள் காலை, 'யார் தவறவிட்டார்' என்பதோடு நிறுத்தாமல், 'மொத்தம் எத்தனை வாய்ப்புகளை உருவாக்கினோம்' என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி ஓங்கி ஒலிக்கும்போதுதான் நிர்வாகங்கள் பயிற்சியாளரை மாற்றுவதை விட்டு, முறிந்த ஊசியைத் தேடத் தொடங்கும்.