உஷார்! 777 போட்டால் கதவு திறக்காது, சாத்திக்கொள்ளும்

சிம்பாங் ரெங்கத்தில் உங்கள் கடையிலோ தோட்ட அலுவலகத்திலோ மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர் ஓடுகிறதா? அதைப் பார்த்துக்கொள்பவர் ஜொகூர் பாருவில் உட்கார்ந்தபடி லாகின் செய்கிறவரா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

'பெர்மிஷன் டினைட்' என்று வந்ததும் பலருக்குக் கை தானாகப் போவது சிஎச்மோட் 777-க்கு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று அவிழ்த்துவிடும் கட்டளை அது. ஹோம் டைரக்டரி மேல் அதைப் போட்டால் போதும், நேற்றுவரை சாவிக் கோப்பை வைத்து உள்ளே வந்தவர் இன்று வெளியே நிற்பார்.

தூரத்திலிருந்து லாகின் செய்ய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 'ஸ்ட்ரிக்ட்மோட்ஸ்' என்ற காவல், நீங்களாக அணைக்காதவரை விழித்திருக்கும். ஹோம் டைரக்டரி, அதனுள் இருக்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டர், ஆதரைஸ்டு கீஸ் கோப்பு ஆகியவற்றில் எதையாவது மற்றவர்களால் திருத்த முடியுமென்றால் அங்குள்ள சாவியை அது ஏற்காது. எவனாவது தன் சாவியை நுழைத்திருக்கலாமே! சந்தேகம் நியாயம்தான். ஆனால் அதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லாது. பாஸ்வேர்டு கேட்கும், இல்லையென்றால் விரட்டிவிடும். நிஜக் காரணம் சர்வரின் லாகில் கிடக்கும். உபுண்டு, பழைய டெபியன் என்றால் ஆத் லாக், ரெட் ஹேட் வகை என்றால் செக்யூர் லாக். 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்ற வரி கண்ணில் பட்டால் ஹோமை 755-க்கும், எஸ்எஸ்எச் ஃபோல்டரை 700-க்கும், சாவிக் கோப்பை 600-க்கும் இறக்குங்கள். கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். ரூட்டாக இருந்து உருவாக்கி அப்படியே விட்டுவிடுவது வாடிக்கை.

அந்த 777-ஐயே ரூட் டைரக்டரியிலிருந்து எல்லாவற்றுக்கும் பரப்பிவிட்டால் தொலைந்தது. சூடோ தன் செட்யூஐடி பிட்டை இழக்கும், வேலை செய்யாது. சரிசெய்யத் தேவையான அதிகாரமே போய்விடும். சர்வரின் ரகசியச் சாவி ஊருக்கே திறந்து கிடப்பதால், ரீஸ்டார்ட் ஆனதும் எஸ்எஸ்எச் எழுந்திருக்க மறுக்கும்.

கட்டளையை நீங்களே அடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2018 பிப்ரவரியில் வந்த, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் கருவியின் 5.7.0-வைச் சூடோவோடு ஓட்டியவர்களுக்கு, கணினியின் முக்கியக் கோப்புகளின் உரிமையாளர் பெயரே மாறிப்போனது. அவசரமாக 5.7.1 விட்டார்கள்.

டெஸ்க்டாப் திரையில் பாஸ்வேர்டு சரியாக அடித்தும் மறுபடி லாகின் பக்கமே வருகிறதா? எக்ஸ்அதாரிட்டி கோப்பு ரூட் பெயருக்குப் போயிருக்கலாம், அல்லது டெம்ப் ஃபோல்டர் 1777-இல் இல்லாமல் இருக்கலாம்.

இவற்றைச் சரிசெய்யும்போது, இப்போது திறந்திருக்கும் டெர்மினலை மட்டும் மூடிவிடாதீர்கள். புதிதாக இன்னொரு ஜன்னலில் லாகின் ஆகிப் பார்த்துவிட்டே பழையதை மூடுங்கள். பழையதும் போய்விட்டால் பெரும்பாலும் ரெக்கவரி மோடுதான் வழி. அதற்கு ஜொகூர் பாருவிலிருந்து அவர் வண்டியெடுத்து வந்து, மூலையில் இருக்கும் சர்வரில் கீபோர்டைச் செருக வேண்டும்.