18 சதவீத ஹைட்ரஜன்: எக்செல் சொன்ன கணக்கு

2020 அக்டோபரில் டெல்லி ராஜ்காட் டெப்போவில் 50 பேருந்துகளுக்கு எச்.சி.என்.ஜி. சோதனை தொடங்கியது. இயற்கை எரிவாயுவுடன் 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த எரிபொருள் இது. கார்பன் டை ஆக்சைடும் 18 சதவீதம் குறையும் என்று சாஃப்ட்வேர் என்ஜினியரான நானும் நினைத்தேன். அலுவலக நண்பர்களிடம் அடித்தும் சொன்னேன். பிறகுதான் எக்செல்லைத் திறந்தேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். 18 என்பது கன அளவு. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் சுமார் 10.8 மெகாஜூல் ஆற்றல் உண்டு, மீத்தேனில் 35.8. ஒரு செல்லில் =0.18*10.8 என்று டைப் செய்யுங்கள். விடை 1.94. அடுத்த செல்லில் =0.82*35.8. விடை 29.36. மொத்தம் 31.3. இதில் ஹைட்ரஜனின் பங்கு 6 சதவீதம்தான்! அதே வேலைக்கு, புகைக்குழாயில் கார்பன் டை ஆக்சைடும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும். ஹைட்ரஜனை எரிவாயுவிலிருந்தே தயாரித்தால் ஆலையிலும் அது வெளியேறும்.

பிறகு எதற்குக் கலக்க வேண்டும் என்கிறீர்களா? ஹைட்ரஜன் மீத்தேனைவிடப் பல மடங்கு வேகமாக எரியும். அதனால் காற்றை அதிகமாக விட்டாலும் என்ஜின் திணறாது. கார்பன் மோனாக்சைடு குறையும். ஆனால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேரில் காற்றின் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் சரியாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடிவிடும்.

நண்பர்களுக்கு அந்த எக்செல் ஃபைலை மெயிலில் அனுப்பிவிட்டேன், மன்னிப்போடு.