பாலசரசுவதி ஆடக் கற்ற கதை

நாலு வயதில் பயிற்சி! ஏழு வயதில் அரங்கேற்றம்!

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயில் பாதையில் இருக்கிறது வேப்பம்பட்டு. காலையில் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இதுபோன்ற ஊர்களிலும் இன்று பெண் குழந்தைகள் காலில் சலங்கை கட்டி ஆடக் கற்கிறார்கள்.

அவர்களைப் பெற்றவர்களுக்கு ஒரு கவலை உண்டு.

"மாதா மாதம் சம்பளம் கட்டுகிறோம். வாரா வாரம் கூட்டிப் போகிறோம். நம் பெண் எப்போது நன்றாக ஆடுவாள்?"

இந்தக் கேள்விக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையே பதில் சொல்கிறது. அவர்தான் பரதநாட்டிய மேதை பாலசரசுவதி. அவரை வளர்த்தவை மூன்று: பயிற்சி, கற்பனை, சுற்றி இருந்த மனிதர்கள்.

பாட்டியின் வீணை

பாலசரசுவதி 13-5-1918 அன்று சென்னையில் பிறந்தார்.

அவருடைய பாட்டி யார் தெரியுமா? வீணை தனம்மாள்! வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வீட்டில் வீணை வாசிப்பார். பேர் பெற்ற வித்துவான்கள் எல்லாம் அங்கே வந்து, பேசாமல் உட்கார்ந்து கேட்பார்கள். அந்தக் குடும்பத்தின் முன்னோர் தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியும் பாடியும் பேர் வாங்கியவர்கள்.

தாயார் ஜெயம்மாளும் சிறந்த பாடகி. ஆகவே, கால் ஆடத் தொடங்கும் முன்பே குழந்தையின் காதில் சங்கீதம் புகுந்துவிட்டது.

அந்தக் காலத்தில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலில் ஆடி வந்தவர் கௌரி அம்மாள். அவருடைய ஆட்டத்தைச் சின்னஞ்சிறு பாலசரசுவதி பார்த்தார். "நானும் ஆட வேண்டும்" என்ற ஆசை பிறந்தது.

உறவினர்களிடையே தயக்கம் இருந்தது. காரணம், அப்போது நாட்டியத்துக்கு நல்ல பெயர் இல்லை. ஆனாலும் ஜெயம்மாள் துணிந்தார். மகளை ஆட வைத்தார்.

கந்தப்பா பிள்ளையின் தட்டுக்கழி

குருவாக வந்தவர் கந்தப்பா பிள்ளை. பரதநாட்டியத்துக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தவர்கள் என்று போற்றப்படும் தஞ்சாவூர் சகோதரர்கள் நால்வரின் வழியில் வந்தவர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்பவர்களே அந்த நால்வர்.

பயிற்சி தொடங்கியபோது பாலசரசுவதிக்கு வயது நாலு!

கந்தப்பா பிள்ளை மிகவும் கண்டிப்பானவர். கையில் ஒரு கட்டை. அதுதான் தட்டுக்கழி. அதைப் பலகையில் தட்டித் தாளம் போடுவார். தாளத்துக்குக் கால் விழ வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் மறுபடியும் முதலிலிருந்து!

பரதநாட்டியத்தில் முதல் பாடம் அரைமண்டி. முழங்காலை இரண்டு பக்கமும் விரித்து, பாதி உட்கார்ந்த நிலையில் நிற்க வேண்டும். முதுகு வளையக் கூடாது. ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தொடை நடுங்கும்!

அந்த நிலையிலிருந்துதான் அடவு வரும். அடவு என்பது காலும் கையும் சேர்ந்து செய்யும் சிறு அசைவு. மொழிக்கு எழுத்து எப்படியோ, ஆட்டத்துக்கு அடவு அப்படி. ஒவ்வோர் அடவையும் மூன்று வேகத்தில் ஆட வேண்டும். இரண்டாம் வேகம் முதல் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு. மூன்றாம் வேகம் நாலு மடங்கு.

மற்றக் குழந்தைகள் தெருவில் விளையாடிய நேரத்தில், பாலசரசுவதி அடவு போட்டுக்கொண்டிருந்தார்.

1925-ம் ஆண்டு. காஞ்சிபுரத்து அம்மன் கோவிலில் அவருக்கு அரங்கேற்றம் நடந்தது. அப்போது அவருக்கு வயது ஏழு!

ஒரே அடி, பல காட்சிகள்

கால் தாளம் கற்றுக்கொண்டால் போதுமா? போதாது. முகம் பேச வேண்டும். கண் பேச வேண்டும். இதற்கு அபிநயம் என்று பெயர்.

எந்த கௌரி அம்மாளைப் பார்த்து ஆசைப்பட்டாரோ, அவரிடமே பாலசரசுவதி அபிநயம் கற்றார். சின்னையா நாயுடுவிடமும் கற்றார். குச்சிப்புடி வழியில் வந்த வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரி அவருக்கு இன்னொரு கதவைத் திறந்துவிட்டார். நின்ற இடத்தில், அந்த நொடியில் கற்பனை செய்து ஆடும் வித்தை அது. மனோதர்மம் என்பார்கள்.

அது என்ன? ஓர் உதாரணம் பார்ப்போம்.

"அவர் இன்னும் வரவில்லையே" என்று பாட்டில் ஓர் அடி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்.

முதல் தடவை, அவள் வாசலைப் பார்க்கிறாள். இரண்டாம் தடவை, விளக்கின் திரியைத் தூண்டிவிடுகிறாள். மூன்றாம் தடவை, தலையில் வைத்த பூ வாடியதைப் பார்க்கிறாள். நாலாம் தடவை, கோபம் வருகிறது. ஐந்தாம் தடவை, அந்தக் கோபமே அழுகை ஆகிறது!

பாட்டு ஒன்றுதான். அடியும் ஒன்றுதான். காட்சி மட்டும் புதிது புதிதாக வருகிறது.

இதில் பாலசரசுவதிக்கு நிகர் அவரேதான் என்று ரசிகர்கள் சொன்னார்கள்.

இப்படிக் கற்பனை வருவதற்கும் பயிற்சிதான் காரணம். "அடுத்து எந்தக் காலை வைப்பது?" என்று யோசிப்பவருக்குக் கற்பனை ஓடாது. கால் தானாகவே தாளத்தில் விழுந்தால்தான் மனம் சுதந்திரமாகப் பறக்கும். தட்டுக்கழிக்கு அடங்கிய கால்தான் மனதுக்குச் சிறகு கொடுத்தது!

அவருக்கு இன்னொரு பலமும் இருந்தது. அவர் நன்றாகப் பாடுவார். ஆடிக்கொண்டே பாடுவார். பாட்டின் பொருளும் ராகமும் உள்ளே ஊறியிருந்ததால் அபிநயம் தானாக வந்தது.

தாய் பாட, மகள் ஆட

மேடையில் ஆடுகிறவர் ஒருவர்தான். ஆனால் ஆட வைப்பவர்கள் பலர்.

பாலசரசுவதி ஆடும்போது தாயார் ஜெயம்மாள் பாடினார். ஒரு தம்பி ரங்கநாதன் மிருதங்கம் வாசித்தார். இன்னொரு தம்பி விசுவநாதன் புல்லாங்குழல் வாசித்தார். பிற்காலத்தில் நட்டுவாங்கம் செய்தவர் கணேசன். இவர் யார்? குரு கந்தப்பா பிள்ளையின் மகன்!

மகள் முகத்தில் என்ன வரப்போகிறது என்று தாய்க்குத் தெரியும். தாய் எந்த இடத்தில் நிறுத்துவார் என்று மகளுக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் கேட்டு, ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுத்து நடந்த கச்சேரி அது.

நம் பக்கத்துத் தெருக்கூத்தும் இப்படித்தானே! கட்டியங்காரன், பின்பாட்டுக்காரர், மிருதங்கக்காரர் எல்லாரும் சேர்ந்தால்தான் விடிய விடியக் கூத்து நடக்கும். சிறுவனாகச் சேர்ந்தவன் குழுவோடு ஊர் ஊராகப் போய்த்தான் ஆட்டக்காரன் ஆகிறான்.

மேடை இல்லாத காலம்

பாலசரசுவதியின் பாதை பூப்பாதை அல்ல.

பரதநாட்டியத்துக்கு அப்போது சதிர் என்று பெயர். கோவில்களிலும் கல்யாண வீடுகளிலும் தேவதாசிப் பெண்கள் ஆடி வந்தார்கள். சிறுமிகளைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தால் பல பெண்களின் வாழ்வு சீரழிந்தது. அதை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது.

பெண்களைக் காக்க எழுந்த நல்ல போராட்டம் அது. ஆனால் பழியின் ஒரு பங்கு ஆட்டத்தின் மேலும் விழுந்தது. பரம்பரையாக ஆடியவர்களை அழைக்கப் பலர் தயங்கினார்கள்.

கலையைக் காக்க வேண்டும் என்று வாதாடியவர்களும் உண்டு. வக்கீல் இ. கிருஷ்ணய்யர் தாமே பெண் வேடமிட்டு ஆடிக் காட்டினார்! சென்னை மியூசிக் அகாடமி நாட்டியத்துக்கு மேடை கொடுத்தது. ருக்மிணி தேவி 1936-ல் கலாசேத்திரத்தைத் தொடங்கினார். மற்றக் குடும்பத்துப் பெண்களும் ஆட வந்தார்கள்.

பழைய ஆட்டத்தில் சிருங்காரம் அதிகம், அதைச் சீர்திருத்த வேண்டும் என்பது ருக்மிணி தேவியின் கருத்து. பாலசரசுவதி அதை ஏற்கவில்லை. சிருங்காரமும் பக்திதான், அதில் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று உறுதியாக நின்றார்.

இதற்கு நடுவே குரு கந்தப்பா பிள்ளை இமயமலைப் பக்கம் அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலைக்கூடத்துக்குப் போனார். 1941-ல் அவர் காலமானார். பாலசரசுவதிக்கு உடல்நலமும் கெட்டது. மேடை ஏறும் வாய்ப்பும் குறைந்தது.

வேறொருவராக இருந்தால் சலங்கையைக் கழற்றி வைத்திருப்பார். அவர் கழற்றவில்லை. 1953-ல் மியூசிக் அகாடமியின் ஆதரவில் நாட்டியப் பள்ளி தொடங்கியது. பாலசரசுவதி அங்கே கற்றுக்கொடுத்தார்.

கடல் கடந்த புகழ்

பிறகு காலம் மாறியது. 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது. 1957-ல் பத்மபூஷண்.

1961-ல் ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஆடினார். 1962-ல் அமெரிக்கா போனார். 1963-ல் பிரிட்டனில் எடின்பரோ கலைவிழாவில் ஆடினார். தமிழும் தெலுங்கும் தெரியாத வெள்ளைக்காரர்கள், அவர் முகத்தைப் பார்த்தே கதையைப் புரிந்துகொண்டார்கள்!

அமெரிக்காவில் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் நாட்டியம் கற்பித்தார். அவருடைய இரண்டு தம்பிகளும் அதே பல்கலைக்கழகத்தில் சங்கீத ஆசிரியர்கள் ஆனார்கள். வீட்டில் இருந்த சுற்றம் கடல் கடந்தும் கூடவே போனது!

1973-ல் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. 1976-ல் சத்தியஜித் ராய் அவரைப் பற்றி "பாலா" என்ற படம் எடுத்தார். அதில் அவர் கடற்கரையில், காற்று சேலையை அலைக்கழிக்க ஆடுகிறார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1977-ல் பத்மவிபூஷண் வந்தது.

கச்சேரி ஒரு கோவில்

1975-ல் சென்னைத் தமிழ் இசைச் சங்க விழாவுக்குப் பாலசரசுவதி தலைமை தாங்கினார். அப்போது ஓர் அருமையான உவமை சொன்னார். நாட்டியக் கச்சேரி ஒரு பெரிய கோவிலைப் போன்றது என்றார்.

முதலில் ஆடும் அலாரிப்பு, கோபுரம். ஜதிசுவரம், அர்த்த மண்டபம். சப்தம், பெரிய மண்டபம். வர்ணம்தான் கர்ப்பக்கிருகம். அதற்குப் பிறகு வரும் பதங்கள், சன்னிதியில் கிடைக்கும் அமைதி. தில்லானா, மணியோசையுடன் காட்டும் கற்பூர ஆரத்தி!

ஆகவே, ஒன்றைத் தாண்டித்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். கோபுர வாசலில் நுழையாமல் கர்ப்பக்கிருகத்துக்குப் போக முடியுமா?

பெற்றோர் என்ன செய்யலாம்?

"நம் பெண் எப்போது நன்றாக ஆடுவாள்?" என்று கேட்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் வகுப்பு போதாது. வீட்டில் தினம் கொஞ்ச நேரமாவது அடவு போட வேண்டும்.

வீட்டில் பாட்டு ஒலிக்கட்டும். பாட்டின் பொருளைப் பாட்டியும் தாயும் சொல்லிக்கொடுக்கட்டும்.

நல்ல கச்சேரி நடந்தால் குழந்தையை அழைத்துப் போங்கள். கோவில் திருவிழாவில் கூத்து நடந்தால் கூட உட்கார்ந்து பாருங்கள். பாலசரசுவதிக்கு ஆசை பிறந்தது ஒருவர் ஆடியதைப் பார்த்துத்தான்!

"நீயாக ஒன்று செய்து காட்டு" என்று குழந்தையிடம் கேளுங்கள். தப்பாக இருந்தாலும் சிரிக்காதீர்கள்.

அவசரம் வேண்டாம். அரங்கேற்றம் என்பது முடிவு அல்ல, தொடக்கம். ஏழு வயதில் மேடை ஏறிய பாலசரசுவதி, அதன் பிறகும் பல குருக்களிடம் கற்றார்.

பாலசரசுவதி 9-2-1984 அன்று சென்னையில் காலமானார். மகள் லட்சுமி அந்த ஆட்டத்தைக் கற்று மேடை ஏறினார். லட்சுமியின் மகன் அனிருத்தாவும் ஆடக் கற்றார். தனம்மாள் வீட்டுச் சங்கீதம் இப்படிக் கை மாறி, கால் மாறி வந்தது.